மூன்று சோதனைகளும் அஞ்சலையும்

ஜூலை 21, திங்கள். விழுப்புரம்

காலையிலேயே வெயில். ஆடி பிறந்தால் காற்று வரும் என்றார்கள். புழுதி மட்டும் வந்தது.

சோதனை அறைக் கதவின் ரப்பர் இன்னும் மாற்றவில்லை. சித்திரையில் சொன்னது. கதவைச் சாத்தினாலும் வெளியே டோக்கன் கூப்பிடுகிற குரல் உள்ளே வருகிறது. 'சத்தம் புகாத அறை' என்று வாசலில் போர்டு வேறு.

டாக்டர் கூப்பிட்டார். காது மூக்கு தொண்டை. கிளினிக்கும் அவருடையதுதான். விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து காது கேட்கிறதா என்று பார்க்க நான் ஒருத்தி.

"பேச்சு கேக்குதான்னு பாக்கறதுக்கு மூணு டெஸ்ட் வெச்சிக்கினு இருக்கியேம்மா. மாசக் கடைசில ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிடலாம். எது ஜல்தியா முடியும்?"

எது சரியாகச் சொல்லும் என்று கேட்கவில்லை. எது ஜல்தி.

எனக்காக எழுதி வைக்கிறேன், டாக்டரிடம் பேசும்போது உளறாமல் இருக்க:

சொ.ப. (சொல் பட்டியல்): நிசப்தத்தில் ஒவ்வொரு சொல்லாக வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் செய்வது இதைத்தான். ஆனால் நிசப்தத்தில் குடித்தனம் நடத்துகிறவர் யார்?

எண்: இரைச்சலுக்குள் மூன்று மூன்று எண்கள். டேப்லெட்டில் தொட்டால் போதும். சீக்கிரம் முடியும். எண் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் எண் மட்டும்தானா பேச்சு?

வா. (வாக்கியம்): பின்னால் பத்துப் பேர் பேசுகிற இரைச்சல், முன்னால் ஒரு வாக்கியம். இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எங்கே உடைகிறது என்று பார்ப்பது. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் இதுதான் கிட்டே வரும். நேரம் தின்னும். கெட்டிக்கார ஆட்கள் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துவிடுவார்கள்.

ஒரே ஆளுக்கு மூன்றையும் செய்து பார்க்கிறேன். வரிசையை மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கடைசியில் வருவதில் எல்லாரும் தேறிவிடுகிறார்கள். பழக்கம்.

பாப்பாவுக்கு இருமல். மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்தேன்.


ஜூலை 22, செவ்வாய். திண்டிவனம்

பாசஞ்சர் தாமதம். நின்றுகொண்டே போனேன்.

இங்கே சோதனை அறை என்பது மருந்துப் பெட்டி அடுக்கும் அறை. சுவருக்குப் போர்வை தொங்கவிட்டிருக்கிறோம். நானும் வரவேற்பில் இருக்கும் ராதாவும் சேர்ந்து ஆணி அடித்தது. மற்ற நாளில் சமாளிக்கலாம். இன்று இரண்டு தெரு தள்ளி அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். போர்வையாவது ஒன்றாவது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு தம்பதி. மயிலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். சொந்த நிலம், கரும்பும் மல்லாட்டையும் போடுகிறார்கள். புருஷன் ஏழுமலை. ஐம்பதை ஒட்டி இருக்கும். மனைவி அஞ்சலை, சில வயது இளையவள். அவள் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றார்.

ஏற்கெனவே வேறு ஓர் இடத்தில் காது பார்த்த தாளை மேஜையில் வைத்தார். இரண்டு காதும் சாதாரணம் என்று எழுதியிருந்தது.

"இதுல நல்லாருக்குன்னு போட்டுக்குது மேடம். நீங்களும் அதயே எழுதிக் குடுத்துட்டா நாங்க போயிடுவோம்."

"நல்லா இருந்தா எதுக்குங்க மறுபடியும் வந்தீங்க?"

"இவதான் கேக்கல கேக்கலன்னு சொல்லிக்கினு இருக்குறா."

அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து எழுதும்போது பேசினால் பதில் இல்லை. நிமிர்ந்து பேசினால் உடனே பதில். அப்போதே குறித்துக்கொண்டேன்.

பீப் சத்தச் சோதனை: கிட்டத்தட்ட நார்மல். லேசான இறக்கம், இந்த வயதில் யாருக்கும் இருக்கும். சொ.ப.: குழாய்ப் பாட்டு நின்ற இடைவெளியில் செய்தேன். ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரி. ஏழுமலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் தலையை ஆட்டினார். சந்தோஷத் தலையாட்டல் இல்லை அது.

எண்ணையும் வா.வையும் எடுப்பதற்குள் குழாய் மறுபடியும். இரைச்சலோடு செய்கிற சோதனைதான், அதற்காக எந்த இரைச்சலும் ஆகாது. நான் அளந்து வைத்த இரைச்சல் வேண்டும். அம்மன் பாட்டை அளக்க முடியாது. நிறுத்தினேன்.

"இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்குங்க. வெள்ளிக்கிழமை வாங்க."

"எதுக்கு? எல்லாந்தான் சரியா சொல்லிட்டாளே."

அஞ்சலையை ராதாவிடம் அனுப்பிவிட்டு அவரைக் கேட்டேன், என்னதான் பிரச்சினை என்று. அப்போதுதான் உட்கார்ந்தார்.

மார்கழியில் அவர் அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு. மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார். அஞ்சலை சமையல்கட்டில். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, முன்வீட்டில் டிவி. அவள் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்து தூக்கியிருக்கிறார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அம்மா போய்விட்டார்.

"பக்கத்து வூட்டுக்கே கேட்டுச்சி மேடம். எங்கம்மா கூப்ட்டது. அம்மாவுக்கும் இவளுக்கும் ஆவாது, அது ஊருக்கே தெரியும். இவ காதுல வுழலியாம். காது நல்லாருக்குன்னு ரெண்டு எடத்துல ஆயிப்போச்சி. அப்ப என்னா அர்த்தம்?"

மிக்ஸி சத்தத்தில் கேட்பது வேறு என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

அவர் வைத்தியத்துக்கு வரவில்லை. தீர்ப்புக்கு வந்திருக்கிறார். நான் நிசப்தத்தில் எடுத்த சொ.ப. அவர் பக்கத்துச் சாட்சி ஆகிவிட்டது.

திரும்பும்போது பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. தூங்கவில்லை.


ஜூலை 23, புதன். விழுப்புரம்

மறுபடி வெயில். பாப்பா பள்ளிக்குப் போகவில்லை, வீட்டில் இவர் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டார்.

மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு மீனவர், காசி. வருஷக்கணக்காகப் படகு எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த காது. கீச்சென்ற சத்தங்கள் கேட்பது நன்றாக இறங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்று சோதனையும் மூன்று விதமாகச் சொல்கிறது:

சொ.ப.: மோசம். 'சட்டி' என்றால் 'தட்டி' என்கிறார்.
எண்: பரவாயில்லை. இருப்பதே பத்து எண். அரைகுறையாகக் கேட்டாலும் பிடித்துவிடுகிறார்.
வா.: நான் நினைத்ததைவிட எவ்வளவோ நல்லது. ஆள் ஊகிக்கிறார். மீன் ஏலத்தில் நிற்கிற ஆளுக்கு ஊகம் கைவந்த கலை.

அப்படியானால் இவருக்குக் காது கேட்கிறதா கேட்கவில்லையா? எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. இதை டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்.

வா.வில் இன்னொரு தலைவலி. ஒலிப்பதிவில் 'அம்மா நிலக்கடலையை வறுத்தாள்' என்று வருகிறது. காசி சொன்னது: "அம்மா மல்லாட்ட வறுத்தாங்க." முழு வாக்கியமும் கேட்டிருக்கிறது, புரிந்தும் இருக்கிறது, தன் ஊர்ப் பேச்சில் திருப்பித் தந்திருக்கிறார். விதிப்படி பார்த்தால் இரண்டு சொல் தப்பு.

டாக்டரிடம் கேட்டேன். "சொன்னத சொன்ன மாதிரி சொன்னாத்தான் மார்க். இல்லன்னா ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கினு இருப்பீங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சல். 'மல்லாட்டை'க்கு மார்க் கொடுத்தால் நாளைக்கு 'கடலை'க்கு? 'மணிலாக்கொட்டை'க்கு? எங்கே நிறுத்துவது?

காசி போகும்போது: "ஏம்மா, அந்தப் பொட்டிக்குள்ள பேசுற பொம்பளைக்கு எந்த ஊரு? நம்ம ஊர்ல யாரும் அப்டி பேச மாட்டாங்களே."

நிஜமாகவே சிரித்தேன். இந்த வாரத்தில் முதல் தடவை.

வாங்க வேண்டியது: இருமல் மருந்து, டேப்லெட் சார்ஜர், காது மெஷின் செல்.


ஜூலை 25, வெள்ளி. திண்டிவனம்

அஞ்சலை வரவில்லை.

ஆடி வெள்ளி. காலையிலிருந்து கூழ் ஊற்றுகிறார்கள். ராதா ஒரு தூக்கு நிறைய கேப்பைக் கூழ் வாங்கி வந்து கருவாட்டோடு கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலோடு குடித்தேன்.

குழாய் ஓயவில்லை. இருந்த நாலு பேருக்கும் பீப் மட்டும் செய்து அனுப்பினேன். அதையும் முழு மனதோடு நம்ப முடியாது.

ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

"அவ வயலுக்குப் போயிருக்குறா மேடம். களை எடுக்குறாங்க."

"டெஸ்ட் பாக்கிதானங்க. அது முடியாம ஒண்ணும் சொல்ல முடியாது."

"மொதல் டெஸ்ட்லயே தெரிஞ்சிபோச்சே."

"அது அமைதியா இருக்கும்போது செஞ்சது. உங்க வீட்ல அன்னிக்கு அமைதியாவா இருந்துச்சு?"

"பஸ்ஸு வந்துடுச்சி, வெக்கிறேன்" என்றார். பின்னால் பஸ் சத்தம் எதுவும் இல்லை. மாடு கத்தியது.

சாயங்காலம் டாக்டர் மெசேஜ். அடுத்த மாசத்திலிருந்து இரண்டு இடத்திலும் சொ.ப. மட்டும். பழகினது, எல்லா டாக்டருக்கும் புரியும், ஊர் உலகத்தில் அதுதான் கேட்கிறார்கள். கீழே கட்டைவிரல் படம்.

பதில் அடித்தேன். நீளமாக. அழித்தேன். மறுபடி அடித்தேன், 'நேரில் பேசலாம் சார்' என்று. எவ்வளவு படித்து என்ன. ஒரு வாக்கியம் அனுப்ப இவ்வளவு நேரம்.

ராதா கேட்டாள், "ஏன்க்கா மொகம் இப்டி கீது? அந்தம்மா வரலன்னா வுடுங்க. நெறைய பேரு வர்றதில்லியே."

ராதாவுக்கு விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.


ஜூலை 26, சனி. வீடு

மேகம். மழை இல்லை. துணி காயவில்லை.

பாப்பா பரவாயில்லை.

மத்தியானம் இவர் டிவி பார்க்க, மாடி வீட்டில் துளை போடும் மெஷின் ஓட, மிக்ஸியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். பாப்பாவைப் பின்பக்கம் நின்று என்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். கேட்டது. 'அம்மா, அப்பாவுக்கு டீ' என்பதுவரை கேட்டது. அடுத்தது புரியவில்லை. பிஸ்கட் என்றாளாம்.

இவர் எட்டிப் பார்த்து, "என்ன பண்ற?" என்றார்.

"வேலை."

"மிக்ஸில ஒண்ணுமே இல்லயே."

இதெல்லாம் ஒரு சோதனையா. என் காது, என் வீடு, என் மிக்ஸி. அஞ்சலை வீட்டுப் பின்கட்டு எவ்வளவு தூரம் என்றுகூடத் தெரியாது. முட்டாள்தனம். இருந்தாலும் மனசு அங்கேயே சுற்றுகிறது.

ஒன்று மட்டும் தெளிவு. அவள் நிஜமாகவே இரைச்சலில் தவிக்கிறவள் என்றால், சொ.ப. அதை ஒருநாளும் காட்டாது. காட்டாத சோதனையைத்தான் டாக்டர் வைத்துக்கொள்ளப் போகிறார்.


ஜூலை 28, திங்கள். விழுப்புரம்

டாக்டரிடம் நேரில் பேசினேன். ஆபரேஷன் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே.

காசியைச் சொன்னேன். பெயர் சொல்லாமல் அஞ்சலையைச் சொன்னேன். நிசப்தத்தில் தேறுகிறவர் இரைச்சலில் தோற்கலாம், அதைத்தான் ஜனங்கள் 'கேக்குது, ஆனா புரியல' என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், நாம் நார்மல் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம் என்றேன்.

"நீ சொல்றது புரியுதும்மா. அந்த மாதிரி எத்தன பேரு வருவாங்க? ஒருத்தருக்காக எல்லாருக்கும் பேஜாரா?"

"வந்தவங்கள நாம கண்டுபிடிக்கவே இல்லன்னா, எத்தன பேருன்னு எப்படி சார் தெரியும்?"

துண்டில் கை துடைத்தார். கோபம் இல்லை. களைப்பு. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், அதுவும் உண்மை.

"மாசக் கடைசி வரைக்கும் பாரு" என்றார். அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு ஏழுமலை போன். நாளைக்கு வருகிறார்களாம். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. குரல் மட்டும் வேறு மாதிரி.

நாளைக்கு மறக்காமல்: காதுத்தசை பார்க்கிற சின்ன மெஷின். பையில் வைத்துவிட்டேன். கோயிலில் பேசிக் குழாயைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று ராதாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.


ஜூலை 29, செவ்வாய். திண்டிவனம்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், நாளைக்குக் கலங்கிப்போகும்.

குழாய் இல்லை. ராதா என்ன சொன்னாளோ, மத்தியானம் வரை போடவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். அஞ்சலை தலைக்குப் பூ வைத்திருந்தாள். ஏழுமலை இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார்.

முதலில் எண். இரைச்சல் குறைவாக இருந்தவரை மூன்று எண்ணையும் சொன்னாள். கொஞ்சம் ஏற்றினேன். மூன்றில் ஒன்றுதான் வந்தது. இன்னும் கொஞ்சம். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் வாய் அசையவில்லை, பேசுவது பெட்டி. அவளுக்கு ஓர் எண்கூடப் பிடிபடவில்லை. அந்த அளவில் ராதா, நான், பத்து வயதுப் பிள்ளை யாராயிருந்தாலும் தப்பில்லாமல் சொல்வோம். வரிசையை மாற்றித் திரும்பச் செய்தேன். அதே இடத்தில்தான் உடைந்தது.

வா.: இன்னும் மோசம். ஒரு வாக்கியத்துக்கு அவள் சொன்ன பதில்: "யாரோ யாரையோ திட்டுறாங்க." வாக்கியம், 'குழந்தை பந்து விளையாடியது.'

ஏழுமலை மெதுவாகத்தான் சொன்னார். "வேணுமின்னே தெரியலன்னு சொல்லலாம் இல்ல மேடம்?"

அவர் கேட்டது தப்பில்லை. மூன்று சோதனையிலும் இருக்கிற ஓட்டை இது: எதிரில் இருப்பவர் வாய் திறந்து சொல்வதைத்தான் எழுதுகிறோம். ஆனால் நடிக்கிறவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைய மாட்டார், முன்னே பின்னே போவார். அதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

பையிலிருந்து சின்ன மெஷினை எடுத்தேன். "இதுக்கு அவங்க பதிலே சொல்ல வேணாம். பலமா சத்தம் வந்தா காதுக்குள்ள ஒரு தசை தானா சுருங்கும். நாம நினைச்சாலும் நிறுத்த முடியாது. கண்ணுல தூசி பட்டா மூடுற மாதிரி."

முதலில் அவருக்கே வைத்தேன். திரையில் கோடு கீழே இறங்கி ஏறியது. அவரே பார்த்தார். பிறகு அஞ்சலைக்கு. வலது காது. கோடு நேராக நின்றது. இன்னும் சத்தமாக. நேராக. இடது காது. நேராக.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்றார்.

மறுபடியும் அவருக்கு வைத்தேன். கோடு இறங்கி ஏறியது.

சத்தம் காதுக்குள் போகிறது, காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஏதோ ஒழுங்காக ஓடவில்லை என்று தோன்றுகிறது, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தால் உறுதியாகத் தெரியும் என்றேன். அவர் ஹெட்போனைக் காட்டி, தனக்கும் அந்த இரைச்சல் டெஸ்ட்டைப் போடச் சொன்னார். போட்டேன். அஞ்சலை திணறிய அளவில் எல்லா எண்ணும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. காதிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"அன்னிக்கி எங்கம்மா கூப்ட்டது இவ காதுல வுழுந்துதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க மேடம்."

"அதைச் சொல்ற டெஸ்ட் என்கிட்ட இல்லீங்க. யார்கிட்டயும் இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்ததால் அஞ்சலைக்கு இரண்டு பேர் பேச்சும் புரிந்திருக்கிறது. அவள்தான் பேசினாள். அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"வுழுந்துச்சிம்மா."

ஏழுமலை எழுந்துவிட்டார்.

"சத்தம் வுழுந்துச்சி. என்னா சத்தம்னு தெரியல. மிக்ஸி ஓடிக்கினு இருந்திச்சி. டிவில யாரோ அழுவுறாங்கன்னு நெனச்சிக்கினேன். அவங்க கூப்ட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்கு எப்பவும் அப்டிதான், சத்தம் வரும், பேச்சு வராது."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?" ஏழுமலை குரல் உடைந்து போயிருந்தது.

முதல் தடவை சரியாக விளங்கவில்லை அவளுக்கு. நான் திருப்பிச் சொன்னேன்.

"எப்டி சொல்றது? வுழுந்துச்சின்னு சொன்னா, வுழுந்தும் வரலன்னுதான ஆவும். வுழவே இல்லன்னு சொன்னா, காது நல்லாருக்குன்னு தாள காட்டுறீங்க. நான் எத சொல்றது?"

ஏழுமலை வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்தார். அஞ்சலை அழவில்லை. புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். நான்தான் எதையோ தேடுவதுபோல மருந்துப் பெட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதுச்சேரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது கேட்டாள், "மெஷின் மாட்டுனா சரியாயிடுமாம்மா?"

பெரிதாக உதவாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு மெஷின் சத்தத்தைத்தான் கூட்டும், தெளிவைக் கூட்டாது. எதிரில் நின்று, முகம் பார்த்து, இரைச்சலை நிறுத்திவிட்டு யாராவது பேசினால்தான் உண்டு. அதற்கு வீட்டில் ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் முன்னால் அந்த ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் முன்னால் அவரும், பத்தடி பின்னால் அவளும் போனார்களாம். ராதா சொன்னாள்.


ஜூலை 30, புதன். விழுப்புரம்

தூக்கம் சரியில்லை. தலைவலி.

அஞ்சலையின் ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் தாளில் இரண்டே கட்டம்: சாதாரணம், குறைபாடு. பீப்பைப் பார்த்தால் முதல் கட்டம். இரைச்சலைப் பார்த்தால் இரண்டாவது. இரண்டிலும் குறி போடவில்லை. கீழே கையால் எழுதினேன்: அமைதியில் பேச்சு புரிகிறது, இரைச்சலில் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. தாளின் ஓரம்வரை போய்விட்டது.

டாக்டர் படித்தார். இரண்டு தடவை. தசை மெஷினில் வந்த கோட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"புதுச்சேரிக்கு அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் சார்."

"சரிதான்" என்றார். பிறகு: "எண் டெஸ்ட்டுக்கு எவ்ளோ நேரம் புடிக்கும்?"

ஒரு டீ ஆறுவதற்குள் முடியும் என்றேன்.

"அப்ப சொல் பட்டியலோட அத சேத்துக்கோ. எல்லாருக்கும். வாக்கியம் வேணாம். மார்க் போடறதே சண்டையா இருக்கு."

ஜெயித்தேனா? எண்ணைச் சேர்த்தது ஜல்தியாக முடிவதால். அது நல்ல சோதனை என்பதால் இல்லை. வாக்கியச் சோதனையைத் தூக்கிப் போட்டாயிற்று. ஊர்ப்பேச்சுக்கு எப்படி மார்க் போடுவது என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் இருக்கிறதிலேயே அதுதான் நல்லது. யோசிக்க யாருக்கும் நேரமில்லை. எனக்கும்.

கதவு ரப்பர் பற்றி மறுபடி கேட்டேன். ஆள் வருகிறான் என்றார்.


ஆகஸ்ட் 1, வெள்ளி. திண்டிவனம்

மேகமூட்டம். மறுபடி ஆடி வெள்ளி, மறுபடி குழாய், மறுபடி கூழ்.

புதிதாக வந்த எல்லாருக்கும் எண் சோதனை. ஒரு பெரியவர் டேப்லெட்டைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் சொல்ல நான் தொட்டேன். ஒரு கல்லூரிப் பையன் எண்களை இங்கிலீஷில்தான் சொல்வேன் என்றான். சரி என்றேன். ஒரு பெண்மணி நன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் கழற்றிவிட்டார், இரைச்சல் கேட்டால் தலை சுற்றுகிறதாம். எந்தச் சோதனையும் மனுஷர்களுக்கு முழுசாகப் பொருந்துவதில்லை. சட்டை தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற மாதிரி.

ஏழுமலையிடமிருந்து ஒன்றுமில்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்து வைத்தேன்.


ஆகஸ்ட் 5, செவ்வாய். திண்டிவனம்

நேற்று ராத்திரி தூறல். காலையில் தெரு முழுக்கச் சேறு. செருப்பு அறுந்தது.

நாலரை மணிக்குப் போன். ஏழுமலை. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து. பின்னால் ஒரே இரைச்சல்.

"பாத்துட்டாங்க மேடம். தலையில வயரெல்லாம் வெச்சி. நரம்புதானாம். நீங்க சொன்னதயே சொல்றாங்க. ரொம்ப நாளாவே இருந்திருக்குமாம்."

அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"பக்கத்துலதான் நிக்கிறா." பிறகு, "காலையிலேந்து ஒண்ணும் சாப்புடல மேடம் அவ. சாப்புடுறியான்னு கேட்டேன். ஊருக்குப் போற செஞ்சி பஸ்ஸு அந்தாண்ட நிக்கிதுங்குறா."

"எதிர்ல நின்னு கேளுங்க. முகம் தெரியற மாதிரி. பஸ் ஸ்டாண்டு இல்லயா, புரியாது."

"எதிர்லதான் நின்னேன். மறுபடியும் கேட்டேன். பையத் தூக்கி என்கிட்ட குடுக்குறா."

"அப்புறம்?"

"மூணாவது தபா கேட்டேங்க. இப்டி கையில சாப்புடுற மாதிரி காட்டி. தலைய ஆட்னா."

ஹாரன். பிறகு அவர் சொன்னதில் 'இட்லி' என்று மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்.